நாடா இல்லாத் தறி

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறியியல் துறை



பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதுதான் தாமதம், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 'நட்பு' என்ற தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். மீதியில் பாதி 'அம்மா'. கவிதைகள் தனிக் கணக்கு. எனக்குக் கவிதை வராது. "உனக்கு என்ன தெரியுமோ அதை எழுதுடி" என்றாள் மலர்க்குழுவில் இருக்கும் தோழி. எனக்கு முழுசாகத் தெரிந்தது என்று சொன்னால், ஒரு பழைய லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்த கதைதான்.

"இதெல்லாம் ஒரு கதையா? யூட்யூப்ல பத்து நிமிஷத்துல காட்டிடுறாங்களே!" என்று கேட்பீர்கள். காட்டுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் மேஜையில் இருக்கும் பொருள் ஒத்து வராவிட்டால் இன்னொன்றை எடுத்து வைத்துக் கொள்வார்கள். நம் வீட்டில் இன்னொன்று ஏது? அதனால் முன்கூட்டியே என்னென்ன பார்க்க வேண்டியிருந்தது என்பதை எழுதினால் யாருக்காவது பயன்படும் என்றுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார், ஆறு தறி. அம்மா அதே பட்டறையில் தார் சுற்றுகிறார். அப்பா படித்தது ஐந்தாவது. அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது, பாலிடெக்னிக் என்றால் பாலியஸ்டர் நூல் சம்பந்தப்பட்ட படிப்பு என்று அம்மா கொஞ்ச நாள் நினைத்துக் கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் 'பாலி' என்றால் நூல்தான்!

முதல் வருடம் முழுக்க லேப்பில் கிடைக்கிற நேரம்தான் எனக்குக் கம்ப்யூட்டர். இரண்டாம் வருடம், 2024 தீபாவளிக்கு முன்னால், பட்டறை முதலாளி தன் ஆபீசில் கணக்கு எழுத வைத்திருந்த பழைய லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்தார். சும்மா இல்லை. 4,000 ரூபாய். அது அப்பாவின் முன்பணக் கணக்கில் ஏறியது. முன்பணம் என்றால் என்ன என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: முதலாளியிடம் வாங்கும் கடன், அது தீருகிற வரைக்கும் வேறு பட்டறைக்குப் போக முடியாது.

கொடுக்கும்போது முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். "அதுக்குள்ள பழைய வருசக் கணக்கெல்லாம் கிடக்குது கண்ணு. ஆடிட்டர் எப்பக் கேப்பாருன்னு தெரியாது. அழிச்சுப்போடாத." சரிங்க என்று தலையாட்டி வாங்கி வந்தேன்.

2011-ஆம் வருடத்து லேப்டாப் அது. முதல் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது. பட்டனை அழுத்திவிட்டுக் குடத்தை எடுத்துக் கொண்டு தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தால் அப்போதுதான் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து கொண்டிருக்கும். ஒரு நாள் கைப்பேசியை வைத்து நேரம் பார்த்தேன். 6 நிமிடம் 40 வினாடி! ஒரு பைத்தான் நிரலை எழுதி ஓட்டிப் பார்ப்பதற்குள் அம்மா "வெளக்கை அணை சாமி, நேரமாச்சு" என்பார். இருப்பது ஒரே அறை. அப்பா ராத்திரி ஷிஃப்ட் போகாத நாளில் பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? வகுப்புத் தோழன் ஒருவன் "ரேம் போடு" என்றான். பக்கத்து வீட்டு அண்ணன் "பிராசஸர் பழசு, அதான்" என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது தேறாதுமா. புதுசு ஒண்ணு 28 ஆயிரத்துக்கு இருக்குது, தவணைல தர்றேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் சர்வீசிங் லேப்பில் மேடம் சொல்லிக் கொடுத்தது கைகொடுத்தது. எது மெதுவு என்று தெரியாமல் ஒரு ரூபாய் செலவு செய்யக் கூடாது. விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கொண்டு பத்து நிமிடம் பார்த்தேன். பிராசஸர் 8, 10 சதவீதம்தான் வேலை செய்கிறது. நினைவகத்தில் இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், இறங்கவே இல்லை! ஆக, பாவம் அந்தப் பழைய பிராசஸர், வேலை கொடுப்பார் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ரேம் வாங்கியிருந்தால் காசு தண்டம்.

டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது? இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முனை இங்கும் அங்கும் நகர்ந்து படிக்கிறது. என் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டுமே, அதற்கு ஏறக்குறைய 12. மொத்தம் 17.5 மில்லிசெகண்ட். ஒரு துண்டைப் படிக்க இவ்வளவு. வினாடிக்கு 57 துண்டுதான் தேறும்.

கம்ப்யூட்டர் எழும்போது ஒரே பெரிய ஃபைலை நேராகப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். பேச்சுக்கு 20,000 துண்டு என்று வைத்துக் கொள்வோம். 17.5-ஆல் பெருக்கினால் 350 வினாடி. ஆறு நிமிடத்துக்குப் பத்து வினாடி குறைவு! தண்ணீர் பிடிக்கப் போன நேரம் எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா?

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டு இல்லை, நகர்கிற முனை இல்லை. எல்லாம் சிலிக்கான் சில்லு. எந்தத் துண்டைக் கேட்டாலும் 0.1 மில்லிசெகண்ட் அளவில் கொடுத்துவிடும். அதே 20,000 துண்டுக்கு 2 வினாடி.

இந்தக் கணக்கை அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. காசு கேட்க வேண்டுமே! மில்லிசெகண்ட் என்று ஆரம்பித்தால் அப்பா கொட்டாவி விடுவார். அதனால் தறியை வைத்தே சொன்னேன். "அப்பா, தறில நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுதில்லீங்களா? மோட்டார் எத்தன பெரிசா இருந்தாலும் நாடா போயிட்டுத் திரும்பற வேகத்துக்குத்தானே துணி விழும்? இதுக்குள்ளயும் ஒரு நாடா ஓடுதுங்கப்பா. அது ஓடற வரைக்கும் மத்ததெல்லாம் நிக்குது. இப்ப வந்திருக்கறது நாடா இல்லாத தறி."

அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரேப்பியர் மாதிரியா?" என்றார். ரேப்பியர் தறி என்பது நாடா இல்லாமல், கம்பி போல ஒரு கை ஊடை நூலைப் பிடித்து இழுத்துக் கொண்டு போகும் தறி. எங்கள் பக்கம் பழைய தறிகளைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு அதைத்தான் இறக்கிக் கொண்டிருக்கிறார்கள். பழைய தறி நிமிடத்துக்கு 120, 130 ஊடை அடித்தால் அது அநாயாசமாக 200-ஐத் தாண்டும். நானும் "ஆமாங்கப்பா, அதே மாதிரி" என்றேன். (கறாராகப் பார்த்தால் ரேப்பியரிலும் ஏதோ ஒன்று ஓடத்தான் செய்கிறது. எஸ்.எஸ்.டி.யில் அதுவும் இல்லை. உவமைக்கு இது போதும்.)

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாடா இல்லீன்னா தாரு எதுக்கு? அப்ப எனக்கு வேலை இல்லீன்னு சொல்லு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். ரேப்பியர் தறிக்கு நூல் நேராகக் கோனிலிருந்து போகும், தார் சுற்றுகிற வேலையே கிடையாது. எங்கள் தெருவில் இரண்டு பட்டறைகளில் தார் போட்டுக் கொண்டிருந்தவர்கள் இப்போது வேறு வேலைக்குப் போகிறார்கள். நான் கம்ப்யூட்டருக்குச் சொன்ன உதாரணம் அம்மாவுக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது. ஆனால் மறுநாள் காலை சாமி படத்துக்குப் பின்னால் இருந்து 1,600 ரூபாயை எடுத்துக் கொடுத்ததும் அம்மாதான். தார் சுற்றிச் சேர்த்த காசு. "நல்லாப் பாத்து வாங்கு" என்றார், அவ்வளவுதான்.

கொஞ்சம் பொது அறிவும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு உதவும்! ஹார்ட் டிஸ்க் பிறந்தது 1956-இல். ஐ.பி.எம். 350 என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கி, மொத்தம் 50 லட்சம் எழுத்துக்கள்தான் பிடித்தது. எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் ஃப்ளாஷ் சில்லுக்குத் தந்தை ஜப்பானில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. இன்று எல்லோரும் பயன்படுத்தும் நாண்ட் வகையை அவர் குழு 1987-இல் வெளியிட்டது.

இனி முக்கியமான விஷயம். எஸ்.எஸ்.டி. என்று கேட்டால் கடையில் நாலு விதம் எடுத்துப் போடுவார்கள். நம் வண்டிக்கு எந்தச் சக்கரம் என்று தெரிந்து கொண்டுதான் போக வேண்டும். நான் லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இரண்டரை அங்குல அளவு. இணைப்பு சாட்டா வகை. ஒரு ஓரத்தில் அருகருகே இரண்டு நாக்குகள், சின்னது 7 முனை, அது தகவலுக்கு. பெரியது 15 முனை, அது மின்சாரத்துக்கு. எஸ்.எஸ்.டி.யிலும் இதே இரண்டு நாக்கு இருந்தால்தான் என் லேப்டாப்பில் உட்காரும். எம்.2 என்று சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்று வருகிறதே, அதற்கு மதர்போர்டில் தனிப் பள்ளம் வேண்டும். 2011 மாடலில் அதற்கு எங்கே போவது?

அடுத்தது கனம். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன். எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. இரண்டரை மி.மீ. இடைவெளி இருந்தால் உள்ளே ஆடும், இணைப்பு தளரும். டிஸ்க்கைப் பிடிக்கும் தகட்டில் நான்கு திருகாணி போட்டு இறுக்கும் வகையாக இருந்தால் கவலை இல்லை. என்னுடையது அப்படித்தான்.

மூன்றாவது வேகம். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சாட்டாவில் மூன்று தலைமுறை உண்டு. வினாடிக்கு 1.5, 3, 6 ஜிகாபிட். என் லேப்டாப்பில் இருப்பது இரண்டாவது. இப்போது வருகிற எஸ்.எஸ்.டி. மூன்றாவது. ஒத்துப் போகுமா? போகும். இரண்டும் பேசி வைத்துக் கொண்டு குறைந்த வேகத்துக்கு இறங்கிக் கொள்ளும். 3 ஜிகாபிட் என்றால் அதிகபட்சம் 300 மெகாபைட், நடைமுறையில் 270 பக்கம். உறையில் 500 என்று போட்டிருப்பதில் பாதிதான் கிடைக்கும். "அப்போ பாதிக் காசு வேஸ்டா?" இல்லை! மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். என்னைக் காக்க வைத்தது நேராக ஓடும் வேகம் அல்ல, ஒவ்வொரு துண்டுக்கும் ஆன 17.5 மில்லிசெகண்ட். அது 0.1 ஆகிவிட்டால் மற்றதை நான் ஏன் கேட்கப் போகிறேன்?

2025 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குப் பகல் ஓய்வு. இருவரும் ஈரோடு போனோம். பழைய டிஸ்க்கைப் பனியன் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம்தான் பேசினார். "ஏனுங்க, எம்.2 போட்டுக்கங்க. இப்ப அதுதான் ஓடுது. 3,500 எம்.பி. ஸ்பீடு. இதெல்லாம் பழைய டைப்புங்க."

அப்பா ஒரு நிமிடம் அந்தப் பட்டையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என்னைய ஏனுங்க கேக்கறீங்க? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. பாப்பாதான் படிக்குது. அதுகிட்டயே கேளுங்க."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் துணியைப் பிரித்து டிஸ்க்கை மேஜை மேல் வைத்தேன். "இந்த இணைப்புதாண்ணா வேணும். இரண்டரை இஞ்ச், சாட்டா, 240 ஜிபி. 7 எம்.எம்." அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எடுத்து வந்தார். விலை 1,550. நாக்கு இரண்டையும் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன், திருகாணி ஓட்டைகளையும் பார்த்தேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பின்னால் பெரிதாக எழுதியிருந்ததே! பில்லில் வரிசை எண்ணையும் உத்தரவாத வருடத்தையும் எழுதி வாங்கிக் கொண்டேன். பாக்கி 50 ரூபாயில் பஸ் செலவு போக ஆளுக்கு ஒரு டீ.

வாங்கியாயிற்று, உடனே மாட்டிவிட வேண்டியதுதானே என்றால், முதலாளியின் கணக்கு இருக்கிறதே! அதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. பழைய டிஸ்க்கின் ஆரோக்கியத்தைத் தெரிந்து கொள்ள 'ஸ்மார்ட்' என்று ஒரு வசதி டிஸ்க்குக்குள்ளேயே உண்டு. அதைப் படித்துப் பார்த்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள் 24. டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது. மனிதனுக்கு இருமல் மாதிரி. இன்றே போகலாம், ஆறு மாதமும் ஓடலாம்.

பொதுவாக எல்லோரும் சொல்லுவது 'குளோன்' செய், அதாவது பழையதை அப்படியே புதியதில் நகல் எடு என்று. டிஸ்க் நல்லபடியாக இருந்தால் அது சுலபம்தான். ஆனால் என் பழையது 320, புதியது 240. பெரியதைச் சின்னதில் இறக்க முதலில் பகுதியைச் சுருக்க வேண்டும். சுருக்குவதற்கு டிஸ்க் நிறைய எழுத வேண்டும். இருமுகிறவரை மூட்டை தூக்கச் சொல்வது மாதிரி! அதனால் என் முடிவு: முதலில் தகவலைக் காப்பாற்றுவது, பிறகு எஸ்.எஸ்.டி.யில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவது.

தோழி ஒருத்தியின் அண்ணனிடம் 1 டெராபைட் வெளி டிஸ்க் இருந்தது, இரண்டு நாளைக்கு இரவல். லினக்ஸை ஒரு பென் டிரைவில் இருந்து ஓட்டினேன். இப்படிச் செய்தால் லேப்டாப்பின் டிஸ்க்கை ஒரு எழுத்துகூடத் தொடாமல் வேலை செய்யலாம். அதில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒரு இலவச நிரல். அதன் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்டுப் போன இடம் வந்ததும் முட்டிக் கொண்டு நிற்கும். இது அப்படி இல்லை. கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக் கொள்ளும். எங்கெங்கே விட்டோம் என்று ஒரு ஃபைலில் குறித்து வைத்துக் கொள்ளும். கடைசியில் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். கேள்வித்தாளில் தெரிந்ததை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததுக்குக் கடைசியில் வருகிறோமே, அதே வித்தைதான்!

ராத்திரி 9 மணிக்குத் தொடங்கினேன். பழைய லேப்டாப்பின் யுஎஸ்பி வினாடிக்கு 30 மெகாபைட் அளவுக்குத்தான் தள்ளும். 320 ஜிபிக்கு மூன்று மணி நேரம், எல்லாம் சரியாகப் போனால். பேட்டரி இல்லாததால் நடுவில் கரண்ட் போனால் என்னாகும் என்று பயம். அப்படிப் போனாலும் குறிப்பு ஃபைல் இருப்பதால் விட்ட இடத்தில் இருந்து தொடரும் என்று தெரிந்திருந்தும், பயம் பயம்தான். அன்று அப்பா ராத்திரி ஷிஃப்ட். அம்மா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டரை மணிக்கு நல்ல இடமெல்லாம் முடிந்தது. கெட்ட இடத்தில் டிஸ்க் 'டக்... டக்...' என்று தட்டியது. அம்மா விழித்துக் கொண்டு, "என்ன கண்ணு, பல்லி கத்துதா?" என்றார். அதிகாலை நாலரைக்கு நிரல் நின்றது. வராமல் போனது 12 கிலோபைட் மட்டும். 320 ஜிபியில் 12 கிலோபைட்!

ஆனால் அந்த 12 கிலோபைட் எங்கே விழுந்தது? ஏதோ ஒரு சினிமாப் பாட்டில் விழுந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கில் விழுந்திருந்தால்? டேலி கோப்புகளை மட்டும் பிரித்து ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் முதலாளி வீட்டு ஆபீசுக்குப் போனோம். 2012-13 முதல் 2019-20 வரை எட்டு வருடம். ஒவ்வொரு வருடமாகத் திறந்து, இறுதி இருப்பை ஆடிட்டர் போட்டுக் கொடுத்த அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டோம். முதலாளி வாசிக்க, நான் திரையில் பார்த்துச் சொன்னேன். முதல் ஆறு வருடம் பைசா பிசகாமல் வந்தது.

2018-19-ஐத் திறந்தபோது இருப்பு சரியாக இருந்தும் முதலாளிக்குச் சந்தேகம். உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று கூலிக் கணக்கைத் திறக்கச் சொன்னார். பெயர் வரிசையில் அப்பாவின் பெயர். அதற்கு எதிரில் 'முன்பணம், தாயார் வைத்தியம், 40,000'. அப்பத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டிய காசு அது. நான் அப்போது ஐந்தாவது படித்துக் கொண்டிருந்தேன். அப்பா ஓவர்டைம் பார்க்கிறார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தத் தொகையில் வாரா வாரம் 200, 300 என்று கழித்துக் கொண்டே வந்திருந்தது. வரிசையாக, ஒரு சனிக்கிழமை விடாமல்.

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக் கொண்டிருந்தார். முதலாளி "சரி சரி, எல்லாம் சரியாத்தான் இருக்குது, அடுத்த வருசத்தை எடு கண்ணு" என்றார். எடுத்தேன். அதுவும் சரியாக இருந்தது. பழைய டிஸ்க்கை அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர் கணக்கு அதில் இருக்கிறதே. இரவல் டிஸ்க்கில் எடுத்த நகலையும் அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். யாருடைய கணக்கும் யார் வீட்டிலும் கிடக்கக் கூடாது.

மாட்டுகிற வேலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, தகட்டில் நான்கு திருகாணியை முடுக்கி உள்ளே தள்ளினால் 'கிளிக்'. அதற்கு முன் பயாஸுக்குள் போய் ஒன்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். பழைய மெஷின்களில் சாட்டா முறை 'ஐ.டி.இ.' என்று இருக்கும். அதை 'ஏ.ஹெச்.சி.ஐ.' என்று மாற்றிவிட்டுப் பிறகு சிஸ்டத்தை நிறுவுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும்போது யோசிக்காமல் மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது, அப்படியே முடிந்தும் விட்டது. விண்டோஸ் 11 இந்தக் காலத்து பிராசஸரை ஏற்றுக் கொள்வதில்லை. அதனால் நான் முதலிலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக் கொண்டேன். நம் பாடத்துக்கு வேண்டிய சி, பைத்தான், ஜாவா, மைசீக்வல் எல்லாமே அதில் ஓடுகிறது.

இப்போது எழ 38 வினாடி. "சிஸ்டமும் மாறி, டிஸ்க்கும் மாறினால் எது காரணம்னு எப்படிச் சொல்லுவ?" என்று எங்கள் லேப் சார் மடக்கினார். நியாயமான கேள்வி! நல்ல வேளையாகப் பழைய டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன்னால், பென் டிரைவ் லினக்ஸிலேயே இரண்டையும் ஒரே சோதனைக்கு உட்படுத்திக் குறித்து வைத்திருந்தேன். பழையது ஒரு துண்டுக்குச் சராசரி 17.8 மில்லிசெகண்ட். புதியது 0.1. காகிதத்தில் போட்ட கணக்கு 17.5 அல்லவா? அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை எங்கள் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? லேப் சாரிடம்தான் சொன்னேன். "ரெக்கார்ட் நோட்ல எழுதிடு" என்றார்.

எஸ்.எஸ்.டி. என்றால் அமிர்தம் குடித்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் சில்லு தேயும். என்னுடைய உறையில் 80 டெராபைட் வரை எழுதலாம் என்று போட்டிருக்கிறது. நான் தினம் 20 ஜிபி எழுதினாலும் (எங்கே எழுதுகிறேன்!) 4,000 நாள், பதினோரு வருடம். அழித்த இடத்தை டிரைவுக்குத் தெரிவிக்கும் 'டிரிம்' வேலையை மின்ட் வாரம் ஒரு முறை தானாகவே செய்து கொள்கிறது. இன்னொன்று, மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க இது ஏற்றதல்ல. முதலாளியிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்காவது சாகும் முன் 'டக் டக்' என்று தட்டும். எஸ்.எஸ்.டி. போனால் சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள்.

பட்டறையில் இன்னும் ரேப்பியர் வரவில்லை. இரண்டு தறி மாற்றப் போவதாகப் பேச்சு. அம்மா தார் சுற்றிக் கொண்டுதான் இருக்கிறார். ராத்திரியில் நான் நிரல் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப சீக்கிரம் வந்துருதே" என்பார்.

போன மாதம் முதலாளி அப்பாவிடம், ஆபீசில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரும் தூங்கி வழிகிறது, பாப்பாவை வந்து பார்க்கச் சொல் என்றார். போய்ப் பார்த்தேன். 2014-ஆம் வருடத்து டெஸ்க்டாப். சாட்டா மூன்றாம் தலைமுறை, முழு வேகமும் கிடைக்கும். டிஸ்க்கில் கெட்ட செக்டர் எதுவும் இல்லை, இதைத் தாராளமாகக் குளோன் செய்யலாம். "உன் கூலி எவ்வளவுன்னு சொல்லு கண்ணு" என்றார் முதலாளி. 300 என்றேன். "சரி, உங்கப்பன் முன்பணத்துல கழிச்சுக்கலாம்" என்று நோட்டை எடுத்தார்.

"வேண்டாமுங்க" என்றார் அப்பா. "அது பாப்பா கூலிங்க. அது கையிலயே குடுத்துருங்க."

முதலாளி நோட்டை மூடி வைத்தார். வருகிற ஞாயிறு வேலை. டெஸ்க்டாப்பில் இருப்பது மூன்றரை அங்குல இடம். அதில் இரண்டரை அங்குல டிரைவ் உட்கார ஒரு தகடு வேண்டும். லேப்பில் பழைய கேபினட் உடைத்தபோது யாராவது எடுத்து வைத்திருந்தால் சனிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள்.